பேட்டரி நிலையத்துக்கு நிலம் கேட்கிறார்கள்: கையெழுத்துக்கு முன்னால் என்னென்ன கேட்க வேண்டும்?

தோப்புக்காரி, எருத்தேம்பதி

எங்கள் பாலக்காட்டுப் பக்கம் சப்ஸ்டேஷனை ஒட்டின தோப்புகளை ஒரு தரகர் சுற்றிச் சுற்றி வருகிறார். சோலார் இல்லையாம், வெறும் பேட்டரியாம். கன்டெய்னர்களைக் கொண்டுவந்து வரிசையாக வைத்து, பகலில் கரண்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி லைனில் விடுவார்களாம். இருபத்தைந்து வருஷக் குத்தகை, வாடகை மாதாமாதம் வங்கியில் விழும் என்கிறார். எந்தக் கம்பெனி என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. "முதலில் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்" என்கிறார்.

வெள்ளை ஈயும் வேர் வாடலும் வந்த பிறகு தோப்பில் காய்ப்பு எப்படி இருக்கிறது என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாடகை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் ஆசை வருகிறது, எனக்கும்தான். ஆனால் தீப்பிடிக்குமா, போர் தண்ணீர் கெடுமா, சத்தம் இருக்குமா, காலம் முடிந்தால் யார் எடுத்துப் போவார்கள் என்று எதற்கும் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்வாரிய ஓய்வு, சித்தூர்

அம்மிணி, முதலில் இது எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் வீட்டுக்கூரை சோலார் ஏகமாகப் பெருகிவிட்டது. மத்தியானம் கரண்ட் மிஞ்சுகிறது, ராத்திரி பத்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஏசி ஓடும்போது போதவில்லை. 2024 மே மாதம் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. இடுக்கி நீர்மின் நிலையம் முழுவதும் ஓடினாலே 780 மெகாவாட்தான். மீதியில் பெரும்பங்கை வெளியிலிருந்து வாங்க வேண்டும், அதுவும் எல்லா மாநிலமும் கேட்கிற நேரத்தில், விலை ஏறிக் கிடக்கும்போது.

பேட்டரி நிலையம் கரண்ட் உற்பத்தி செய்வதில்லை. மத்தியானக் கரண்டை ராத்திரிக்கு மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். நூறு யூனிட் உள்ளே போட்டால் சுமார் 85 யூனிட் திரும்பி வரும். ஆனைமலையில் தமிழ்நாட்டின் கடம்பாறை நீரேற்று நிலையம் 400 மெகாவாட்டுக்கு இதே வேலையைத் தண்ணீரை மேலே ஏற்றி இறக்கிச் செய்கிறது. அதற்கு இரண்டு அணை வேண்டும், வருஷக்கணக்கில் வேலை. பேட்டரிக்குத் தேவை சப்ஸ்டேஷன் பக்கத்தில் சில ஏக்கர் சமநிலம். உங்கள் தோப்பு அவர்கள் கண்ணில் பட்டதற்குக் காரணம் அதுதான்.

கேரளத்தில் இது புதிதும் இல்லை. காசர்கோட்டில் மயிலாட்டியில் 125 மெகாவாட், 500 மெகாவாட் மணி அளவில் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதாவது 5 லட்சம் யூனிட்டைச் சேர்த்து வைத்து நாலு மணி நேரம் விடுவது. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 4,000 மெகாவாட் மணி பேட்டரிக்கு முதலீட்டில் 40 சதவீதம் வரை உதவி தருவதாக முடிவெடுத்தது. அதற்குப் பிறகுதான் தரகர்கள் ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

நடுப்புணிக்காரன்

ஐயா சொன்னது சரி, மாநிலத்துக்குத் தேவை இருக்கிறது. ஆனால் 2025 ஜனவரி 16 அன்று கலிபோர்னியாவில் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையம் எரிந்ததைப் பார்த்தவன் நான். வீடியோவில்தான் பார்த்தேன், ஆனாலும் தூக்கம் வரவில்லை. சுமார் 1,200 பேரை வீட்டை விட்டுக் கிளப்பினார்கள், நெடுஞ்சாலையை மூடினார்கள். அப்புறம் பக்கத்துச் சதுப்பு நிலத்து மண்ணை எடுத்துப் பரிசோதித்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கூடியிருப்பதைக் கண்டார்கள். அமெரிக்காவிலேயே இந்தக் கதி. நம் ஊரில் தீயணைப்பு வண்டி சித்தூரிலிருந்தோ கஞ்சிக்கோட்டிலிருந்தோதான் வர வேண்டும். என் ஓட்டு வேண்டாம் என்பதற்குத்தான்.

கோவை கம்மிஷனிங்

நான் இந்த நிலையங்களை நிறுவிச் சோதித்து ஓடவைக்கிற வேலையில் இருக்கிறேன். பயப்படுவதில் தப்பே இல்லை, ஆனால் எதற்குப் பயப்படுவது என்று தெரிந்தால்தான் சரியான கேள்வி கேட்க முடியும்.

மாஸ் லேண்டிங்கில் எரிந்தது பழைய மின்நிலையத்தின் டர்பைன் கட்டடம். ஒரே கூரையின் கீழ் பேட்டரிகளை அடுக்கி வைத்திருந்தார்கள், அதுவும் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த வகை. ஒரு மூலையில் பிடித்த தீ கட்டடம் முழுக்கப் பரவியது. இப்போது பெரும்பாலும் வைப்பது இரும்பு பாஸ்பேட் வகை, திறந்தவெளியில் இடைவெளி விட்டுத் தனித்தனிக் கன்டெய்னர். இந்த வகை கட்டுமீறிச் சூடாகத் தொடங்க அதைவிட அதிக வெப்பம் வேண்டும். எரியவே எரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எரியும். ஒரு கன்டெய்னர் எரிந்தால் அது ஒன்றோடு நிற்குமா என்பதுதான் கேள்வி.

கன்டெய்னர் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கதவைத் திறந்தால் தரையிலிருந்து கூரை வரை இரும்புச் சட்டங்களில் பெட்டி பெட்டியாக பேட்டரி. ஒவ்வொன்றிலிருந்தும் ஆரஞ்சு நிற கேபிள். பக்கத்திலேயே குளிர்நீர்க் குழாய்கள், அதில் ஓடுவது தண்ணீரும் கிளைக்கால் (glycol) என்ற ரசாயனமும் கலந்தது. மேலே புகைக்கு ஒரு சென்சார், வாயுவுக்கு ஒரு சென்சார். உள்ளே அழுத்தம் கூடினால் திறந்துகொள்கிற மூடிகளும் இருக்க வேண்டும். இந்த மூடிகள்தான் உயிர் காக்கிற விஷயம். 2019 ஏப்ரல் 19 அன்று அரிசோனாவில் மெக்மிக்கன் என்ற இடத்தில் வெறும் 2 மெகாவாட் நிலையம். உள்ளே ஒரு செல் கெட்டு வாயு கக்க ஆரம்பித்தது. தானியங்கித் தீயணைப்பு மருந்து வேலை செய்தது, ஆனால் வாயு நிற்கவில்லை, வெளியே போக வழியும் இல்லை. சுமார் மூன்று மணி நேரம் கழித்து தீயணைப்புக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். காற்று உள்ளே போனதும் சில நிமிடத்தில் வெடித்தது. படுகாயமடைந்தவர்கள் உதவிக்குப் போனவர்கள்தான். அதனால் நம்மூர் தீயணைப்பு நிலையத்துக்கு யார் பயிற்சி கொடுப்பது, கதவைத் திறக்கலாமா கூடாதா என்று யார் சொல்வது, ராத்திரி இரண்டு மணிக்கு யாருக்குப் போன் செய்வது என்று எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, யூஎல் 9540ஏ என்று ஒரு தீச்சோதனை இருக்கிறது. ஒரு செல்லை வேண்டுமென்றே கெடுத்து, தீ அடுத்ததற்குப் போகிறதா, என்ன வாயு எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, வைக்கப்போகிற அதே மாடலுக்கான அந்த அறிக்கை.

தோப்புக்காரி, எருத்தேம்பதி

தம்பி, நன்றி. ஒரு சந்தேகம். கன்டெய்னருக்கும் கன்டெய்னருக்கும் இடைவெளி விடுவார்கள் என்கிறீர்கள். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் தென்னை மட்டை பக்கத்துத் தோப்பில் போய் விழும். மார்கழியில் கிழக்கிலிருந்து திரும்பி அடிக்கும். அந்தக் காற்றில் இடைவெளி என்ன செய்யும்?

கோவை கம்மிஷனிங்

அக்கா, நீங்கள் கேட்டதுதான் ஆஸ்திரேலியாவில் நடந்தது. 2021 ஜூலை 30, ஜீலாங் பக்கம் விக்டோரியன் பிக் பேட்டரி. சோதனை ஓட்டத்தின்போது ஒரு பெட்டியில் குளிர்நீர் கசிந்து தீப்பிடித்தது. பலத்த காற்று தீச்சுவாலையைச் சாய்த்துப் பக்கத்துப் பெட்டியின் கூரைமேல் தள்ள, கூரையில் இருந்த பிளாஸ்டிக் மூடி உருகி அந்தப் பெட்டியும் எரிந்தது. இரண்டோடு நின்றது. தீ அடங்கியது என்று அறிவிக்க மூன்று நாளுக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த மூடிகளுக்கு இரும்புக் கவசம் போட்டார்கள்.

அதனால் இடைவெளி எவ்வளவு மீட்டர் என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தக் காற்று வேகத்துக்குக் கணக்குப் போட்டீர்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை எடுத்துக்கொண்டீர்களா என்று கேளுங்கள். புகை எந்த மாதம் எந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், அங்கன்வாடி, மாட்டுக்கொட்டகை எத்தனை என்று வரைபடம் போட்டுத் தரச் சொல்லுங்கள். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், மூச்சுக்கு ஆகாது.

வெயிலையும் சேர்த்துக் கேளுங்கள். பாலக்காட்டில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். பேட்டரிக்கு 25 டிகிரி பக்கம் இருந்தால் சுகம். குளிரூட்டி ராத்திரி பகலாக ஓட வேண்டும், கரண்ட் போனாலும் அது நிற்காமல் ஓட ஏற்பாடு வேண்டும்.

பெருமாட்டி

தண்ணீரைப் பற்றி நான் சொல்லாமல் யார் சொல்வது. பிளாச்சிமடை எங்கள் பஞ்சாயத்து. 2000-ல் குளிர்பான ஆலை வந்தபோது வேலை வரும், ஊர் வளரும் என்றுதான் சொன்னார்கள். கிணறு வற்றியது, இருந்த தண்ணீரில் சோறு வேகவில்லை. ஆலைக் கழிவை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அதில் காட்மியமும் ஈயமும் இருந்தது 2003-ல்தான் வெளியே தெரிந்தது. மயிலம்மாவும் மற்றப் பெண்களும் 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள், 2003-ல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. நஷ்டம் 216 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த குழு 2010-ல் கணக்குச் சொன்னது. சட்டசபை 2011-ல் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. டெல்லி ஒப்புதல் கிடைக்காமல் அது சட்டமாகவே இல்லை.

பேட்டரி நிலையம் அந்த ஆலையைப் போலத் தண்ணீரை உறிஞ்சாது, அது எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேச வரவில்லை. எங்கள் அனுபவம் வேறு இடத்தில் உதவும். ஆலை வருவதற்கு முன்னால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்குக் கையில் ஒரு தாள்கூட இல்லை. "முதலிலேயே இப்படித்தான் இருந்தது" என்று அவர்கள் சொன்னபோது காட்ட எங்களிடம் ஒன்றுமில்லை. நீங்கள் இப்போதே சுற்றியுள்ள கிணறு, போர் எல்லாவற்றிலும் தண்ணீர் எடுத்து அரசு ஆய்வகத்தில் கொடுத்து அறிக்கை வாங்கி வையுங்கள். மண்ணும் சேர்த்து. கன்டெய்னர் வந்து இறங்கிய பிறகு எடுத்தால் பயனில்லை.

கோவை கம்மிஷனிங்

பெருமாட்டி அண்ணா சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு ஆபத்து வருவது சாதாரண நாளில் இல்லை, தீப்பிடிக்கிற நாளில். எரிகிற பெட்டியில் தண்ணீர் அடித்தாலும் உள்ளே நடக்கிறது லேசில் நிற்காது. அதைத் தானாக எரிந்து முடிய விட்டு, பக்கத்துப் பெட்டிகளை நனைத்துக் குளிர்விப்பதுதான் இப்போதைய வழக்கம். அப்படி அடித்த தண்ணீர் எங்கே போகிறது? உங்கள் பக்கம் கருமண்ணும் பாறையும், போர் ஆழம். வாய்க்கால் வழியாக ஆற்றுக்குப் போனால் கீழே குடிக்கிறவர்களுக்குப் பிரச்சினை. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க அடியில் விரிப்புப் போட்ட குட்டை, மழைநீர் வாய்க்காலில் அடைக்கிற மதகு, இரண்டும் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

ஆதாரம் எழுத்து, கொழிஞ்சாம்பாறை

நிலத்துக்காரர்கள் கவனத்துக்கு, பத்திரம் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தச் சம்மதக் கடிதத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இப்படிப்பட்ட கடிதத்தைக் காட்டித்தான் தரகர் கம்பெனியிடம் பேரம் பேசுவார். "இத்தனை காலத்துக்கு வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்று நடுவில் ஒரு வரி இருக்கும், அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் நிலம் முடங்கிக் கிடக்கும்.

இரண்டாவது, பேட்டரி நிலையங்களுக்கும் மின் நிறுவனங்களுக்கும் இடையே நம் நாட்டில் இப்போது போடுகிற ஒப்பந்தம் பெரும்பாலும் 12 முதல் 15 வருஷம். உங்களிடம் கேட்பது 25. ஒப்பந்தம் முடிந்த பிறகு வாடகை யார் தருவார்கள்? கம்பெனி கைமாறினால்? அங்கே நிற்கிற பழைய பேட்டரி யாருடையது? 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிப்படி காலம் முடிந்த பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிற பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதி செய்தவருக்கும். ஆனால் உங்கள் தோப்பிலிருந்து லாரியில் ஏற்றி, கான்கிரீட் மேடையைப் பெயர்த்து, மண்ணைப் பழையபடி ஆக்கித் தருவது யார் என்று குத்தகைப் பத்திரம்தான் சொல்ல வேண்டும். அந்தச் செலவுக்கு வங்கி உத்தரவாதம் முதல் வருஷத்திலேயே கேளுங்கள். கம்பெனி நஷ்டத்தில் மூடினால் உத்தரவாதம் மட்டும்தான் கையில் நிற்கும்.

மூன்றாவது, உங்கள் நிலம் வில்லேஜ் ஆபீஸ் கணக்கில் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். இன்று தென்னை நின்றாலும் பழைய கணக்கில் நெல்வயலாக இருந்து, டேட்டா பேங்க் என்கிற அரசின் நெல்வயல் பட்டியலில் ஏறியிருந்தால், 2008-ஆம் வருஷ நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். தரம் மாற்றாமல் மேடை கட்டினால் வழக்கு நில உடைமைக்காரர் தலையில் விழும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்தால்தான் செல்லும், வெறும் முத்திரைத்தாளில் முடித்துவிடலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் நிலத்தைக் கம்பெனி வங்கியில் அடமானம் வைக்கக்கூடாது என்றும் எழுத வேண்டும்.

வேலந்தாவளம் மளிகை

இவ்வளவு கஷ்டப்பட்டு ஊருக்கு என்ன கிடைக்கும்? வேலை உண்டா? எங்களுக்குக் கரண்ட் கட் நிற்குமா? சத்தம்?

மின்வாரிய ஓய்வு, சித்தூர்

உள்ளதைச் சொல்கிறேன். கட்டுகிற மாதங்களில் கொஞ்சம் வேலை, அப்புறம் காவலுக்கும் புல் வெட்டுவதற்கும் சிலர், கணினி முன்னால் ஒன்றிரண்டு பேர். ஊரில் கரண்ட் கட் ஆவதும் நிற்காது. பேட்டரி உயரழுத்த லைனில் விடுகிறது, உங்கள் வீட்டு ஃப்யூஸ் போவது ஊர் டிரான்ஸ்ஃபார்மரிலும் மரம் சாய்கிற கம்பியிலும். பஞ்சாயத்துக்குக் கட்டட வரி வரும். ஊருக்கு வேறு என்ன வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும், தானாக எதுவும் வராது.

சத்தம் உண்டு. குளிரூட்டி விசிறியும் இன்வெர்ட்டர் இரைச்சலும். பகலில் தெரியாது, ராத்திரி ஊர் அடங்கினதும் தெரியும். சேர்த்து வைத்த கரண்டை இந்த நிலையம் லைனில் விடுவதும் ராத்திரியில்தான். பக்கத்து வீட்டு வாசலில் இத்தனை டெசிபலுக்கு மேல் கூடாது என்று எழுத வேண்டும், நிலைய வேலிக்குள் அளந்து காட்டினால் ஏற்கக்கூடாது.

ரோட்டையும் பாருங்கள். இப்போது வருகிற இருபது அடிக் கன்டெய்னர் ஒன்றில் 5 மெகாவாட் மணி அடைக்கிறார்கள், எடை நாற்பது டன் அளவு. மயிலாட்டி அளவுக்கு வந்தால் நூறு கன்டெய்னர். நம் வாய்க்கால் பாலங்கள் எந்தக் காலத்தில் கட்டியவை என்று எல்லோருக்கும் தெரியும்.

நடுப்புணிக்காரன்

இத்தனை படித்த பிறகும் என் மனசு மாறவில்லை. கஞ்சிக்கோட்டில் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே வைக்கட்டும். தென்னந்தோப்புக்கு நடுவே எதற்கு?

மின்வாரிய ஓய்வு, சித்தூர்

தம்பி, நியாயமான கேள்வி, கிராமசபையில் இதையே கேளுங்கள். வேறு எந்தெந்த இடம் பார்த்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் வீடுகள் இருக்கிற இடத்தில் வைக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். தெற்கு டெல்லியில் கிலோக்கரியில் குடியிருப்புகளுக்கு நடுவே சப்ஸ்டேஷன் வளாகத்திலேயே 20 மெகாவாட், 40 மெகாவாட் மணி நிலையம் 2025-ல் வந்திருக்கிறது. புகளூரிலிருந்து திருச்சூருக்கு வந்த 2,000 மெகாவாட் லைனுக்கு எத்தனை பேர் நிலத்தில் கோபுரம் நட்டார்கள் என்று யோசியுங்கள். அப்போது நிலத்துக்காரனுக்குப் பேரம் பேச இடமே இருக்கவில்லை. இங்கே சம்மதம் இல்லாமல் குத்தகை இல்லை. அந்தப் பலம் கையெழுத்துப் போடுகிற வரைக்கும்தான்.

வண்ணாமடை டீச்சர்

ஒன்றை யாரும் சொல்லவில்லை. இந்தத் தாள்கள் எந்த மொழியில் வரும்? இங்கிலீஷில் ஒரு கட்டு, மலையாளத்தில் ஒரு அறிவிப்பு. நம் தாலுகாவில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர்! 1969-ஆம் வருஷத்துக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே பெறலாம் என்று இருக்கிறது. பஞ்சாயத்துக்கும் மின்வாரியத்துக்கும் மனுவைத் தமிழில் கொடுங்கள், பதிலைத் தமிழில் கேளுங்கள். புகை போகிற திசை, ஊரைக் காலி செய்கிற வழி, போன் நம்பர் எல்லாம் தமிழில் அச்சடித்து வீட்டுக்கு வீடு தர வேண்டும். தீப்பிடித்த ராத்திரியில் யாரும் அகராதி பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று, சுற்றுச்சூழல் அனுமதிக்கு எப்படியும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2006-ல் வந்த சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையின் அட்டவணையில் பேட்டரி நிலையம் என்று தனி இனமே போடவில்லை. நமக்கு இருக்கிற மேடை கிராமசபைதான்.

தோப்புக்காரி, எருத்தேம்பதி

எல்லோருக்கும் நன்றி. தரகரிடம் நேற்றே சொல்லிவிட்டேன், கம்பெனி பெயரும் பேட்டரி மாடலும் தெரியாமல் எந்தத் தாளிலும் கை வைக்க மாட்டோம் என்று. சுற்றியுள்ள நாலைந்து தோப்புக்காரர்களும் தனித்தனியாகப் பேசுவதில்லை, சேர்ந்துதான் உட்காருவோம் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் கொஞ்சம் இழுபறி, அவர் கடன் அப்படி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், முன்பணத்தைப் பற்றி முதலில் பேசித் தீர்க்க வேண்டியது அவருக்காகத்தான்.

தண்ணீர் மாதிரி எடுக்கிற வேலையை இந்த வாரமே ஆரம்பிக்கிறோம், எங்கள் போர், கோயில் கிணறு, அங்கன்வாடிக் குழாய் மூன்றும் முதலில். ஆதாரம் எழுத்து அண்ணா, சம்மதக் கடிதத்தைப் படம் எடுத்து உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன், நீங்கள் சொன்ன அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். டீச்சர், மனுவை நீங்கள் எழுதித் தந்தால் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு.

ஆதாரம் எழுத்து, கொழிஞ்சாம்பாறை

பார்த்தேன் அம்மிணி. நாலாவது பத்தியில் இருக்கிறது, மூன்று வருஷம் என்று போட்டிருக்கிறான். உள்குத்தகைக்கு விடவும் உரிமை எழுதி வைத்திருக்கிறான். யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், பக்கத்துத் தோப்புக்காரருக்கு இன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

வண்ணாமடை டீச்சர்

மனு தயார். கிராமசபைக்கு முன்னால் வார்டு மெம்பர் கையில் ஒரு பிரதி, பஞ்சாயத்துச் செயலாளருக்கு ஒரு பிரதி. ரசீது வாங்காமல் வர வேண்டாம்.